பழைய பொருளும் பிடித்தமில்லாப் பணமும்

வீடு மாறும் ஒரு குடும்பம் பழைய ஃபிரிட்ஜை ஆறாயிரம் ரூபாய்க்கு விலை பேசி முடிக்கிறது. “ஜிபேல போட்டுருங்க அண்ணாச்சி” என்றதும் பணம் வந்து விழுகிறது. ஒரு பைசா பிடித்தம் கிடையாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தினமும் நடப்பது இது. கட்டணமே இல்லாத இடத்தில் கட்டணத்தைத் தவிர்ப்பது சரியா, தவறா என்ற கேள்விக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால், கட்டணத்தோடு சேர்ந்து வேறொன்றும் காணாமல் போகிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு பேபால் பழக்கமானது. அதில் பொருளுக்கான பணம் என்று குறித்து அனுப்பினால், விற்பவரிடம் கட்டணம் பிடிப்பார்கள்; பொருள் வராவிட்டால் வாங்கியவர் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு. நண்பருக்கோ உறவினருக்கோ அனுப்புவதாகக் குறித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய கேமராவை விற்பவர், “ஃபிரெண்டுன்னு போட்டு அனுப்புங்க, கமிஷன் மிச்சம்” என்கிறார். பெரிய நிறுவனத்துக்குச் சில டாலர் குறைந்தால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டை வேறு. மிச்சம் விற்பவருக்கு, ஆபத்து முழுவதும் வாங்குபவருக்கு. அதை அவரிடம் சொல்லாமலே இந்தப் பேரம் முடிகிறது. நேரில் பார்த்து ரொக்கம் கொடுத்து வாங்கினால் அதில் யாரும் பொய் சொல்லவில்லை. முகம் தெரியாதவரை நண்பர் என்று எழுதச் சொல்வது பொய்தான்.

நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். இலவசம் என்றாலும் செலவு இருக்கிறது. சிறு கடைகளில் நடக்கும் சிறு தொகைப் பரிமாற்றங்களுக்கு ஊக்கத்தொகையாக 2024-25-க்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். செலவை யாரேனும் ஏற்றாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநரே 2025-இல் சொன்னார். இருந்தும், ஃபிரிட்ஜ் விற்ற குடும்பம் குற்றவுணர்வு கொள்ள ஒரு காரணமும் இல்லை. அது விதியை ஏய்க்கவில்லை, விதிப்படியே நடந்திருக்கிறது.

வாரந்தோறும் பழைய செல்போன்களை மொத்தமாக வாங்கி வந்து, “நான் வச்சிருந்ததுதான், புதுசு வாங்கிட்டேன்” என்று விற்றுச் சொந்தக் கணக்கில் பணம் வாங்குகிறவர் கதை வேறு. வியாபாரியிடம் வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வீட்டில் கிடந்த ஒற்றைப் பொருளை விற்ற தனியாள்மீது அப்படிப் போக முடியாது. ஆக, அந்தப் பொய்யால் வரி மட்டும் தப்பவில்லை. வாங்கியவரின் சட்ட உரிமையும் பறிபோகிறது. 2025 ஜூலையில், யுபிஐ வரவைக் காட்டி வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும் பெங்களூரில் சிறு கடைக்காரர்கள் க்யூஆர் அட்டைகளைக் கழற்றினார்கள். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. அது பிழைப்பு பற்றியது. தன் தொழிலையே மறைப்பதை அதோடு சேர்க்க முடியாது.

இலவசப் பாதையின் உண்மையான விலை முன்பணத்தில் தெரிகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கூட்டர் விற்பனைக்கு வருகிறது. எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் படத்தைப் பார்த்து ஐயாயிரம் அனுப்புகிறார். மறுநாள் அந்த எண் அணைந்து கிடக்கிறது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, “பணம் வர பின் போடுங்க” என்று விற்பவரையே கவிழ்த்த கும்பல்களும் உண்டு. அந்த வழியை அடைக்கத்தான் தனிநபர்களுக்கு இடையில் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் நிறுத்தியது. ஆனால், நம்பி நாமே அனுப்பிய முன்பணத்துக்குக் காப்பு இல்லை. 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த இழப்பீட்டு விதி, நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. பிரிட்டன் 2024 அக்டோபரில், ஏமாந்து அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டது. இங்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைத்தால் பணம் கைமாறும் முன் முடக்கப்படலாம் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே, பிடித்தமில்லாமல் பணம் வேண்டும் என்கிற விற்பவர், பொருளைக் காட்டும் முன் முன்பணம் கேட்கக் கூடாது. தூரத்து ஆளிடம் விற்கிறார் என்றால், பாதுகாப்புள்ள வழியின் கட்டணத்தை விலையிலேயே சொல்லிப் பாதிப் பாதியாக ஏற்கலாம். அப்படியொரு வழி இங்கே எளிதாகக் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. அதை உருவாக்குவதும் கடினமல்ல. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, ஒதுக்கீடு ஆகும்வரை நம் கணக்கிலேயே தொகையை முடக்கி வைக்கும் வசதி யுபிஐயில் 2019 முதல் இருக்கிறது. அதே முறையைப் பழைய வண்டிகளுக்குக் கொண்டுவரலாம்: ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியதும் விற்றவருக்குப் பணம் போகட்டும், மாறாவிட்டால் வாங்கியவருக்கே விடுபடட்டும். அதற்கு இருபது முப்பது ரூபாய் கட்டணம் வைத்தால், அதைத் தவிர்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.