பழைய நிரலும் மார்ச் முதலாம் திகதியும்

1959இல் உருவான கோபோல் மொழியில் எழுதிய நிரல்களை உலகின் பல வங்கிகள் இன்றும் நம்பியிருக்கின்றன. அவற்றை ஜாவாவுக்கு மாற்றித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் 2023 ஆகஸ்ட்டில் அறிவித்தது. நமது திணைக்களங்களும் நாளை இதை நாடலாம். அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும்.

நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பலர் அறியாத விடயம், இதில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாட்கள்தான். ஆகவே மார்ச் 1 எப்போதும் 61. இந்த இலக்கத்தை வாசிக்கும் பழைய நிரலொன்றை இயந்திரம் வரிக்கு வரி சரியாகவே பெயர்த்துவிடும். ஆனால் காரணம் தெரியாத ஒருவர், சாதாரண ஆண்டில் மார்ச் 1 என்றால் 60 அல்லவா என்று அதைத் 'திருத்தி'விட்டால்? லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த எல்லோருடைய பிறந்த திகதியும் ஒரு நாள் தள்ளிப்போகும். பிறகு பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைவது நாம்தான்.

வசனம் இறங்கிய பின்னணி தெரியாமல் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து மார்க்கத் தீர்ப்புச் சொல்பவரை நாம் ஏற்பதில்லையே.

டெண்டர் கோருவதற்கு முன், ஓய்வுபெற்ற நிரலாளர்களையும் எழுதுவினைஞர்களையும் அழைத்து, எந்தக் கணக்கு எதற்காக வந்தது என்று எழுதி வாங்கட்டும்.