அட்டப்பாடியின் மேளம்

கேரள ராக் இசையின் வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் கடலோர நகரங்களின் கதைதான். கொச்சியின் '13 ஏடி' குழு ஹோட்டல் மேடைகளில் ஆங்கிலப் பாட்டு வாசித்து வளர்ந்தது. 1996இல் அதே ஊரில் கிளம்பிய 'மதர்ஜேன்' குழுவுக்கும் ஆங்கிலம்தான். 2003இல் திருவனந்தபுரத்தின் 'அவியல்' மலையாளத்திலேயே ராக் பாடிக் காட்டியது. பத்தாண்டு கழித்து 'தைக்குடம் பிரிட்ஜ்'; அதன் கோவிந்த் வசந்தாவை '96' படம் நமக்கும் சொந்தமாக்கிவிட்டது.

இந்த வரிசையில் பாலக்காட்டின் கிழக்கு எல்லைக்கு இடமில்லை. கோவையிலிருந்து ஆனைக்கட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே இருளர் ஊர்களில் கல்யாணமோ சாவோ, பறையும் தவிலும் குழலும் ஜால்ராவும் வந்துவிடும். பாடுகிறவர்களே பாட்டுக் கட்டுவார்கள். யார் கட்டியது என்று எவரும் எழுதி வைத்ததில்லை; ரெக்கார்டு போடாத குழுவை வரலாறு எப்போது மதித்திருக்கிறது?

சினிமா வந்தபோதுதான் மதித்தது. ஆடுமாடு மேய்த்துக்கொண்டு, பழனிசாமி என்பவரின் கலைக்குழுவில் பாடிவந்த நஞ்சியம்மாவை, 2020இல் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடவைத்தார் இயக்குநர் சச்சி. இசை ஜேக்ஸ் பிஜாய், சொற்கள் நஞ்சியம்மாவுடையவை. இருளமொழிதான், ஆனாலும் தமிழ்க் காதுக்குப் பாதி புரியும். படத்தின் நாயகன் பிருத்விராஜைத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்று அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

2022 ஜூலையில் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. சச்சிக்கும் சிறந்த இயக்குநர் விருது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. உடனே ஓர் இசைக்கலைஞர், சுருதி கொடுத்தால் அதில் நின்று பாடத் தெரியாதவருக்கா விருது என்று கேட்டார். இது புதிதல்ல; 1956இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ராக் அண்ட் ரோல் நடனங்களுக்குத் தடை போட்டார்கள். அங்கே ஒழுக்கம் போச்சு என்றார்கள், இங்கே சுருதி போச்சு என்றார்கள். இரண்டும் வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுகிறவர்களின் பேச்சுதான். பெரும்பாலான பாடகர்களும் இசையமைப்பாளர்களும் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள் என்பது ஆறுதல்.

எனக்குள்ள குறை வேறு. ஊரில் அவர் பாட்டுக்குத் தவிலும் பறையும் அடித்தவர்களுக்கு, விருதுப் பட்டியலில் ஒரு பிரிவுகூடக் கிடையாது.