மருந்தும் காலமும்

மூத்திரப்பையின் கீழே ஆடவர்க்கு மட்டும் அமைந்த சிறு சுரப்பி புரொஸ்டேட். அதிலே தோன்றிய புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டால், சத்திரசிகிச்சையால் அதனை முற்றாக அகற்ற இயலாது. எனினும், வழி அடைபட்டுவிடவில்லை.

இந்நோய் ஆண் ஓமோனின் துணைகொண்டு வளர்வது என்பதைச் சிக்காகோ வைத்தியர் சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941ஆம் ஆண்டில் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஓமோனை அடக்குவதே இன்றும் சிகிச்சையின் அடித்தளம். ஆனால், அடங்கிய நோய் காலப்போக்கில் மீண்டும் தலைதூக்கும். டொசெட்டாக்சல் என்னும் மருந்தை முன்பெல்லாம் அதன் பின்னரே கொடுத்தனர்.

2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இவ்வழக்கத்தை மாற்றியது. பங்குகொண்டோர் 790 பேர். ஓமோன் சிகிச்சையுடன் இம்மருந்தையும் தொடக்கத்திலேயே பெற்றோரில் அரைவாசிப் பேர் 57.6 மாதங்களைக் கடந்து வாழ்ந்தனர். மற்றையோரில் அரைவாசிப் பேர் கடந்தது 44 மாதங்களே. நோய் அதிகம் பரவியிருந்தோரிடமே இந்நன்மை தெளிவாயிற்று. இன்று அபிராடெரோன் போன்ற மாத்திரைகளும் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகின்றன.

வயதும் உடல்வலுவும் நோக்கி மருந்தைத் தெரிவது வைத்தியர் கடமை. காலந்தாழ்த்தாது அவரிடம் செல்வது நம் கடமை. ஓயாத முதுகுநோவை முதுமையின் தலையில் சுமத்திவிட்டு மௌனமாயிருக்கும் தந்தையரை, பிள்ளைகளே, பரிவோடு வினவுங்கள்.