ஓட்டுக் கேட்கும் ஜட்ஜ்

கள்ளக்குறிச்சி கோர்ட் பக்கத்து டீக்கடையில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. வக்கீல் சங்கத் தேர்தல் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கறுப்புக் கோட்டோடு வந்து, "அண்ணே, நம்மள மறந்துடாதீங்க" என்று சீட்டை நீட்டிவிட்டுப் போவார்கள். அப்படியொரு நாளில் ஒரு இளம் வக்கீல், "அமெரிக்காவுல ஜட்ஜ் ஆகணும்னாலே இப்படித்தான் ஓட்டுக் கேக்கணும்" என்றார். வாய்தாவுக்காக வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்போ ஓட்டுக்காகவாவது மலைக்கு வருவாங்கல்ல சார்?"

வக்கீல் சொன்னது அங்கே பல மாநிலங்களில் உண்மைதான். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் பீடி சுற்றிப் படித்து வக்கீலான சுரேந்திரன் கே. பட்டேல், 2007இல் அமெரிக்கா போனார். டெக்சாஸில் ஜட்ஜ் பதவிக்கு 2020இல் நின்று தோற்றார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தவர்கள் உண்டு. 2022இல் மறுபடி நின்று, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்கு ஜெயித்தார். ஜனங்கள் பார்த்து உட்கார வைத்தால் ஜட்ஜுக்கும் ஜனங்கள் மேல் ஒரு பயம் இருக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு.

அந்தக் கணக்கு பிசகுவதும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் நஷ்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பு வாங்கிய மாஸ்ஸி நிலக்கரிக் கம்பெனியின் தலைவர், மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன் 2004 தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகச் சுமார் 30 லட்சம் டாலரை இறைத்தார். ஜெயித்து வந்த அந்த ஜட்ஜும் கையெழுத்திட்டு, நஷ்டஈடு ரத்தானது. அவர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குட்டு வைத்தது. மெக்சிகோ 2025 ஜூனில் நாடு முழுக்க ஜட்ஜுகளுக்குத் தேர்தல் வைத்தபோது, ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை 1976 வரை நீடித்தது. மலை மக்கள் ஓட்டுப் போடத் தொடங்கியதே 1996இல்தான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அந்த ஓட்டும் கீழ்நாட்டு ஓட்டோடு சேர்த்து எண்ணினால் கடுகளவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலையில் காய்ச்சுகிறார்கள் என்று ஊரே கொதித்தது. அந்த நேரத்தில் ஓட்டுக் கேட்டு நிற்கிற ஜட்ஜ் ஒருவர் இருந்திருந்தால், சந்தேகத்தில் பிடிபட்ட மலைக்காரனுக்கு ஜாமீன் கொடுக்கத் துணிவாரா? துணிந்தால் அடுத்த தேர்தலில் டெபாசிட் போகும்.

யாரிடமும் ஓட்டுக் கேட்காத இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள்தான் அப்போது மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து, சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசைக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றும் சொன்னது. ஓட்டு வாங்கிப் போனவர்களை மலைக்கு அனுப்ப, ஓட்டே வாங்காதவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக நம் முறை குறையே இல்லாதது என்று ஆகிவிடாது. பரீட்சை எழுதி வருகிற ஜட்ஜ் யாருக்கும் கடன்பட்டவரில்லை. ஆனால் கடுக்காயும் தேனும் சேகரிக்கப் போனவன்மேல் ஏன் வன வழக்கு விழுகிறது என்பது, அந்த வாழ்க்கையைப் பார்க்காதவருக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடிக்கும். மலைக்குள்ளிருந்தே ஜட்ஜுகள் வர வேண்டும். வர முடியும் என்று காட்டியவர் ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி. கல்வராயனில் இருப்பதும் அவருடைய மலையாளிப் பழங்குடிதான். குழந்தை பெற்ற ஓரிரு நாளிலேயே சென்னைக்குப் போய் டிஎன்பிஎஸ்சி சிவில் நீதிபதித் தேர்வை எழுதி, 2024இல் 23 வயதில் தேறினார்.

இப்போது அந்த வழியில் ஒரு மேடு விழுந்திருக்கிறது. மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்தவர்தான் அந்தத் தேர்வை எழுதலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவம் வேண்டும் என்பது நியாயம்தான். வெள்ளிமலையிலிருந்து சட்டம் படித்து இறங்கும் பிள்ளை மூன்று வருஷம் ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போகும்? ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாயும், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சொன்னதும் அதே சுப்பிரமணியம், குமரப்பன் அமர்வுதான். அந்த 15,000 ரூபாயை நம்மூர் சீனியர்கள் மாதம் தவறாமல் கொடுக்கட்டும். கல்வராயனிலிருந்து ஒரு ஜட்ஜ் வருவதற்கு எந்தத் தேர்தலும் தேவைப்படாது.