கத்தி வந்த வழி

நம் விடுதி நண்பர்கள் சிலரை அண்மையில் ஒரு புது மோகம் பிடித்திருக்கிறது. பாட்டன் காலத்து மடக்குச் சவரக்கத்தியை விலைக்கு வாங்கி, தோல்வாரில் தீட்டி, கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கிறார்கள். மோகத்தை நான் குறைகூறவில்லை. பக்கத்தில் கொஞ்சம் பஞ்சும் படிகாரமும் வைத்துக்கொண்டால் போதும். நான் பேச வந்தது அந்தக் கத்தியோடு சேர்த்து விற்கப்படும் கதையைப் பற்றி.

கொல்கத்தாவின் பழம்பொருட் கடைகளில் கத்தியை எடுத்துக் காட்டும் வணிகர் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்வார். இது ஷெஃபீல்டு, விக்டோரியா மகாராணி காலம், சாகேப் வீட்டிலிருந்து வந்தது. ரஸ்ஸல் தெருப் பக்கம் நான் ஏறி இறங்கிய கடைகளில், ஒரு கத்தியாவது நாவிதர் வீட்டிலிருந்து வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. சவரக்கத்தியை நாளெல்லாம் கையில் பிடித்தவர் யார்? சாகேபா, நாவிதரா? இந்நகரத்து நடைபாதைகளிலும் படித்துறைகளிலும் தலைமுறை தலைமுறையாகத் தாடி மழித்த அத்தனை கத்திகளும் எங்கே போயின? ஹூக்ளியில் கரைந்தா போயின?

வணிகரை விட்டுவிட்டுக் கத்தியையே கேட்போம். அலகு பிடியோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, கழுத்துப் போன்ற பகுதியில் எழுத்துக்கள் பொறித்திருக்கும். 1890-இல் அமெரிக்கா இயற்றிய மக்கின்லி சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் சரக்கில் அது பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. எனவே ‘இங்கிலாந்து’ என்றோ ‘ஜெர்மனி’ என்றோ கழுத்தில் கண்டால், பெரும்பாலும் அக்கத்தி 1891-க்குப் பிற்பட்டது எனலாம். அச்சொல் இல்லாவிட்டால்? “அப்படியானால் அதற்கும் முந்தியது!” என்று வணிகர் முகம் மலர்வார். அமெரிக்காவுக்கே போகாத கத்திக்கு அமெரிக்கச் சட்டம் என்ன செய்யும்?

அரச முத்திரையின் கதை இன்னும் வேடிக்கையானது. வி, ஆர் என்னும் எழுத்துக்கள் விக்டோரியாவைக் குறிப்பவை. அந்த அம்மையார் ஆண்டதோ 1837 முதல் 1901 வரை. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல்! ஜி, ஆர் என்றிருந்தால் ஜார்ஜ். எந்த ஜார்ஜ்? 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜுகள்; 1910 முதல் 1952 வரை, இடையில் சில மாதங்கள் நீங்கலாக, இன்னும் இருவர். ஆறு பேரில் மூத்தவர் பக்கமே வணிகரின் விரல் நீளும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ஷெஃபீல்டு’ என்னும் பெயரையாவது நம்பலாமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரத்து அலகுகளில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்று ஆங்கிலேயத் தொழிலதிபர்கள் கூக்குரலிட்டார்கள். அதன் விளைவாக 1887-இல் பிரிட்டனில் ஒரு வணிகக்குறிச் சட்டமும், 1889-இல் இந்தியாவில் ஒன்றும் பிறந்தன. பிறகு ஜோலிங்கனின் பெயருக்கே மதிப்பு ஏறி, அதைப் பாதுகாக்க 1938-இல் ஜெர்மனி தனிச் சட்டம் இயற்றியது! பொய்க்குறி மலிந்ததால்தானே சட்டங்கள் வந்தன? குறியை மட்டும் சான்றாகக் காட்டுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உண்மையான ஷெஃபீல்டு கத்தியிலும், பொறித்த பெயர் பெரும்பாலும் விற்றவர் பெயரே. ஒருவர் காய்ச்சி அடிப்பார். ஒருவர் சாணை பிடிப்பார். வேறொருவர் பிடி பொருத்துவார். சாணைத் தூசு நுரையீரலில் படிந்து இளமையிலேயே மாண்ட தொழிலாளர் பலர். அவர்கள் பெயர் எந்தக் கழுத்திலும் இல்லை. ஷெஃபீல்டின் உயர்ந்த எஃகுக்கு இரும்பு வந்ததோ சுவீடனிலிருந்து. லண்டனில் ஸ்டோடார்ட் என்னும் கத்தி வணிகர், இந்திய எஃகான ‘ஊட்ஸ்’ கொண்டு சவரக்கத்திகள் செய்வதாகவும், ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் அதையே தாம் விரும்புவதாகவும் தம் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் 1820-இல் எஃகுக் கலவைகள் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சிக்கு ஊட்ஸ் ஒரு தூண்டுகோல். அந்த எஃகை மண்மூசையில் உருக்கிய ஊர்கள் தென்னாட்டில் பல. நம் சேலம் வட்டாரமும் அவற்றுள் ஒன்று. ‘சீமைக் கத்தி’ என்று நாம் வாய்பிளந்து வாங்கும் பொருளின் பிறப்பிடத்தை ஒரே சொல்லில் சொல்லிவிட முடியுமா?

இங்கே பக்கத்திலேயே, வர்த்தமானை அடுத்த காஞ்சன்நகரும் புருலியா மாவட்டத்து ஜால்தாவும் கத்தி வேலைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். குறியில்லாத அலகு ஒன்று கிடைத்தால், இவ்வூர்களின் பெயர் வணிகர் நாவில் வருவதேயில்லை.

நாவிதரை மறைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அலகு பொய் சொல்லாது. செல்வர் வீடுகளில் வாரத்துக்கு ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகூட உண்டு. நாளுக்கு ஒன்று என்பதால் அவை அதிகம் தேய்வதில்லை. நாவிதரின் அடைப்பத்தில் இருந்த கத்தியோ நாள்தோறும் பலருக்கு உழைத்து, கல்லில் ஏறி ஏறி, அகலம் குறைந்து ஒடுங்கியிருக்கும். பிடி உடைந்து மாற்றிய அடையாளமும் காணலாம். நான் ஒரு கடையில் பார்த்த கத்தி பாதியாகத் தேய்ந்திருந்தது. “சாகேப் இவ்வளவா மழித்தார்?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, “நாபித் வீட்டுக் கத்தி என்றால் யார் வாங்குவார்கள், தாதா?” என்றார்.

அவர் உள்ளதைச் சொன்னார். குற்றம் அவருடையது மட்டுமன்று, வாங்கும் நம்முடையதும்தான். சாதியை எதிர்த்து மேடையில் முழங்கும் நாம், பழங்கத்தியைக்கூட உயர்ந்த வீட்டிலிருந்து வந்ததாகக் கேட்டால்தான் பணப்பையைத் திறக்கிறோம். உழைத்துத் தேய்ந்த அலகு மதிப்புக் குறைந்தது. தொடாமல் கிடந்த அலகு மதிப்பு மிகுந்தது. இது என்ன கணக்கு? வங்கத்து ‘க்ஷுர்’ என்னும் சொல்லும் நம் ‘சவரம்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. அத்தொழில் செய்தவரை இழிவாக நோக்குவதிலும் இரு நாட்டாரும் ஒன்றுபட்டிருப்பது வெட்கக்கேடு.

தந்தப் பிடி என்று சொல்பவரிடம் மேலும் எச்சரிக்கை தேவை. தந்த வாணிபம் வனவிலங்குச் சட்டப்படி இங்கே குற்றம். அவர் சொல்வது மெய்யானால் குற்றவாளி, பொய்யானால் ஏமாற்றுக்காரர். பெரும்பாலும் அது 1870-க்குப் பின் பரவிய செல்லுலாய்டாகவே இருக்கும்.

லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் நாம். அந்தக் கேள்வியைக் கத்திக் கடையிலும் கேட்கலாம். கண்ணால் காண்பது எது, விற்றவர் வீட்டார் சொன்னது எது, வணிகரின் ஊகம் எது என்று மூன்றையும் பிரித்து ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளைப் புதியதென்று விற்பதைக் கண்டிக்கிறது. புதியதைப் பழையதென்று விற்கும் காலம் வரும் என்று அதை எழுதியோர் எண்ணவில்லை போலும்! எனினும் பொருளின் தரத்தைப் பொய்யாகக் கூறுவதும், ரசீது தர மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வாணிபமே. ‘விக்டோரியா காலம், சாகேப் வீடு’ என்று வாயால் சொன்னவர், பேனாவை எடுத்ததும் எத்தனை சொற்களை விழுங்குகிறார் என்று பாருங்கள். மிஞ்சுவது ‘பழைய சவரக்கத்தி, ஒன்று’ என்பது மட்டுமானால், அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கி வாருங்கள்.