எது கெட்ட வார்த்தை?

பட்டர்வொர்த்தில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்கு ஒரே மருந்துதான்: மிளகாய். ஒருநாள் உடலுறுப்பு ஒன்றின் பெயரைச் சொல்லித் தம்பியைத் திட்டிவிட்டேன். பாட்டி பிடித்திழுத்து என் வாயில் மிளகாயைத் தேய்த்துவிட்டார். அதே பாட்டி மறுவாரம், வாசலில் சண்டை போட்ட பிள்ளைகளைப் பார்த்து, “பறப் புத்தியக் காட்டாதீங்கடா!” என்று கத்தினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. அது கெட்ட வார்த்தை என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

சொல்லத் தகாததை எப்படிச் சொல்வது என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. அவையில் கூறத் தகாத சொல்லை மறைத்துக் கூற வேண்டும் என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது. நன்னூல் அதனை இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்னும் எடுத்துக்காட்டை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். இறந்தவரை ‘இயற்கை எய்தினார்’ என்பது மங்கலம். ஆக, உடலின் கழிவையும் சாவையும் நாகரிகமாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம். ஆனால், பிறப்பைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்தும் சொல்லையும் அடக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் பேச்சே எழவில்லை.

பிறர் நம்மைப் பழித்தால் மட்டும் சுருக்கென்று தைக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி அக்கரையில் இறங்கிச் சற்று நடந்தால், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. இந்திய முஸ்லிம்களின் தலைவருக்கு அன்று வழங்கிய பட்டம் அது. ‘கெலிங்’ என்பது கலிங்கத்தின் வழி வந்த சொல் என்பர். ‘செஜாரா மெலாயு’ தென்னிந்தியாவை ‘பெனுவா கெலிங்’ என்றே குறிக்கிறது. அதில் ஏளனம் இல்லை. இன்றோ பள்ளித் திடலில் அச்சொல் விழுந்தால் கைகலப்பு நிச்சயம். எழுத்து மாறவில்லை, ஏளனத்தோடு சொல்லிச் சொல்லியே அது வசைச்சொல் ஆகிவிட்டது.

2011ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அப்துல்லா ஹுசேன் 1971இல் வெளியிட்ட ‘இன்டர்லோக்’ நாவல், ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலானது. மலாயாவுக்கு வந்த இந்தியரை அது ‘பரியா’ என்று காட்டியதற்காக நாம் கொதித்தெழுந்தோம். அவ்வாண்டு இறுதியில் நூலை மீட்டுக்கொள்ள அரசாங்கம் முடிவெடுத்தது. நம் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், ‘பரியா’ மலாய்க்காரர் கண்டுபிடித்த சொல்லா? பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயர், நம் மண்ணிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளுக்கும் போனது. அந்தப் பெயரோடு இழிவையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம்தாமே!

அன்று கொதித்தவர்களில் சிலர் எதற்காகக் கொதித்தார்கள்? அந்தச் சொல் ஒரு மனிதனை இழிவு செய்கிறது என்பதற்காகவா, அல்லது ‘எங்களையும் அதில் சேர்த்துவிட்டார்களே’ என்பதற்காகவா? முன்னதற்காக என்றால், நம் வீட்டுக் கூடத்திலும் மாணவர் விடுதியிலும் அச்சொல் ஒலித்தபோதும் நாம் கொதித்திருக்க வேண்டும்.

“பழக்கத்தில் வாயில் வந்துவிடுகிறது, யாரையும் நினைத்துச் சொல்வதில்லை” என்பார்கள். ‘கெலிங்’ என்று அழைக்கும் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். அவரும் இதே பதிலைத்தான் சொல்வார். அவரிடம் ஏற்காத சமாதானத்தை நமக்கு மட்டும் எப்படி ஏற்பது?

பாட்டி இன்று இல்லை. அவர் மீது எனக்குக் கோபமும் இல்லை. தாம் கேட்டதைத்தான் அவர் சொன்னார். ஆனால் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்ட நமக்கு அந்தச் சலுகை கிடையாது. அடுத்த முறை நம்மில் ஒருவர் வாயில் அச்சொல் வரும்போது, மிளகாய் தேட வேண்டாம். “அந்த வார்த்தை வேணாம்டா” என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் போதும். இடக்கரடக்கலை அங்கிருந்து தொடங்குவோம்.