சலானைச் சுருக்கலாம், சாட்சியத்தைச் சுருக்கலாமா?



கடன் இல்லாமல் மளிகை வியாபாரம் இல்லை. கடன் கொடுத்தால் சில பாக்கி கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே நம் வாய்ச்சொல் நிற்காது, காகிதம்தான் நிற்கும். அந்தக் காகிதத்தையே இப்போது நாம் செல்போன் படமாக்கி, அதையும் வெட்டிச் சுருக்கி, மதிப்பில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரத்தில் எங்கள் கிடங்கிலும் தண்ணீர் புகுந்து, டெலிவரி சலான் கட்டுகள் கூழாகிவிட்டன. "போனில் படம் இருக்கிறதே" என்று தைரியமாக இருந்தோம். திண்டிவனம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், பருப்பு எண்ணெய் வகையில் 1,40,000 ரூபாய் பாக்கியை மறுத்தார். படத்தைத் தேடினோம். போனில் இடம் போதவில்லை என்று கணக்குப் பையன் கையெழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, முழுப் படத்தை அழித்திருந்தான். தேதி இல்லை, பில் எண் இல்லை. வக்கீல் பார்த்துவிட்டு, "இது எந்தச் சரக்குக்குப் போட்ட கையெழுத்து என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் சொல்லித் தரவில்லை.

அசல் அழிந்துபோனால் நகலைக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மின்னணுப் பதிவு என்றால் சான்றிதழ் வேண்டும் என்று 2020ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63வது பிரிவில் அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதியாகிவிட்டது. ஒன்றில் போனையோ கம்ப்யூட்டரையோ கையாண்டவரும், மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். இந்த எண் கோப்புக்குக் கைரேகை மாதிரி. படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினாலும், அளவைக் குறைத்தாலும் எண் மாறிவிடும்.

ஆகவே முதல் விதி: எடுத்த படத்தைத் தொடக்கூடாது. சுருக்குவதானால் ஒரு பிரதி எடுத்து அதைச் சுருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே தரத்தைக் குறைத்துவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, மின்தாக்கலுக்குக் கொடுக்கும் பிரதி. ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்குவது நல்லது. ஏ4 பக்கம் ஒன்றுக்கு அது 2480க்கு 3508 புள்ளி. கோப்பு பெரிதாகிவிட்டதென்று பிரவுசிங் சென்டர்காரர் எழுத்து மங்கும்வரை அமுக்கினால் விடாதீர்கள். கறுப்பு எழுத்துப் பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் எடுத்தாலே எடை குறையும். முத்திரையும் நீல மைக் கையெழுத்தும் உள்ள பக்கம் வண்ணத்திலேயே இருக்கட்டும். அப்படியும் அடங்காவிட்டால் கோப்பை இரண்டாகப் பிரிக்கலாம். நீளத்தை மட்டும் இழுத்துச் சரிக்கட்டக் கூடாது. கையெழுத்தின் வடிவமே மாறிப்போகும்.

செக் திரும்பிய வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தவருக்கு 15 நாள் தவணை, அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இதில் வங்கி மெமோவின் தேதி தெரியவில்லை என்று மனு திரும்பினால் இழப்பது நாளை. தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பியா கடை நடத்துவது?

பேரேட்டில் எழுதியிருக்கிறதே என்பார்கள் சிலர். முறைப்படி எழுதிய கணக்கும் சாட்சியம்தான். ஆனால் அது மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. துணைக்குச் சலான் வேண்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 20,000 ரூபாய் பாக்கிக்குச் சில்லறைக் கடைக்காரர் நிபுணரைத் தேடி எங்கே அலைவார்? மாவட்டந்தோறும் குறைந்த கட்டணத்தில் சான்று தர ஏற்பாடு வேண்டும். அதுவரை நம் சங்கக் கட்டடத்தில் ஒரு நல்ல ஸ்கேனரும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் இருந்தால் விழுப்புரம், திண்டிவனம் இரு ஊர் உறுப்பினர்களும் பயன்பெறுவார்கள். சந்தாப் பணத்தில் இதைவிட நல்ல செலவு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் ஆவன செய்ய வேண்டுகிறோம்.